அதாவது

குளச்சல் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே
மாடிப்படியின் அடியில் என் கடை.
ஜெராக்ஸ், லேமினேஷன், தமிழ் டைப்பிங்.

ஐப்பசி. மழை வேளிமலையில் நின்று
இறங்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்த மாலையில்
சின்னவிளைக் கிளீட்டஸ் வந்தார்.
கலெக்டருக்கு மனு:
நாலு பக்கம், கோடு போட்ட தாள், நீல மை.

அந்தச் சொல் ஆறு இடத்தில் இருந்தது.
தோறியம், தோரியும், தொரியம்.
ஓரிடத்தில் துரியம்.
திருத்தவா என்றேன்.
'திருத்துங்க. பொறவு பக்கத்தில
அதாவதுன்னு போட்டு அர்த்தம் எழுதுங்க.
கையெழுத்துப் போடுகவனுக்கு
எதுக்குப் போடுகோம்னு தெரியண்டாமா?'

அதாவது,
என்று தட்டி நிறுத்தினேன்.
கர்சர் மினுங்கியது.
ஃபோனில் தேடி வாசித்துக் காட்டினேன்:
கடல் உறைந்துபோகும் வடதேசம் ஒன்றில்
சுத்தியல் வீசும் இடிச்சாமி, பெயர் தோர்.
தீவொன்றில் ஒரு பாதிரியார்
கறுத்த கல் ஒன்று கண்டெடுக்க,
அதற்குள் இருந்ததற்கு அந்தச் சாமி பெயர்.

கிளீட்டஸ் சிரித்தார்.
'இடிச்சாமியா? இது சத்தமே போடாதே.
எங்க மணலுக்க உள்ளே சும்மா கிடக்கு.
மிஷின் கொண்டு வச்சாத்தான்
டிக் டிக்குன்னு பல்லி மாதிரி.'

இன்னும் இருந்தது.
அந்தப் பெயர் முதலில் வேறொன்றுக்கு வைத்தது.
புதிய பொருள் என்று நம்பி வைத்தார்கள்,
சில வருடத்தில் அப்படி ஒன்று இல்லையென்று ஆயிற்று.
பெயர் மட்டும் ஆளில்லாமல் கிடந்தது.
பிறகு வந்த கல்லுக்கு
அதையே எடுத்துக் கொடுத்தார்கள்.

கிளீட்டஸ் சிரிப்பதை விட்டார்.
'எனக்க கதையும் அதுதான்.
மூத்தவன் பதினேழு நாளு இருந்தான்,
ஞானஸ்நானத்தில வச்ச பேரு கிளீட்டஸ்.
அடுத்த வருசம் நான்.
பேரு சும்மா கிடக்குல்லா, இவனுக்கு இருக்கட்டுன்னு
அப்பன் சொன்னாராம்.
கல்லறைத் திருநாளுக்கு
எனக்க பேரு எழுதின குருசுக்கு
நான்தான் மெழுகுதிரி ஏத்துகேன்.
அம்பத்தெட்டு வருசத்தில
ஒருநாளும் அணையாம எரிஞ்சதில்ல.
கடக்காத்து.'

மலைப்பக்கம் இடித்தது.
இருவரும் கேட்காததுபோல் இருந்தோம்.

நான் எம்.ஏ. தமிழ்.
அவரிடம் சொல்லாதது ஒன்று உண்டு.
நம் அகராதியிலும் கிடக்கிறது ஒரு தோரியம்.
தோரியமடந்தை: ஆடி முதிர்ந்தவள்.
உறவு ஒன்றுமில்லை, ஓசைதான்.
ஆனாலும் மணலுக்குள் இருப்பது
பாதி கரைய
ஆயிரத்து நானூறு கோடி வருடம் வேண்டுமாம்.
பிரபஞ்சம் பிறந்தே இன்னும் அவ்வளவு ஆகவில்லை.
எங்கும் எவளும்
பாதி ஆட்டம் முடித்திருக்கவில்லை.

இதையெல்லாம் கலெக்டருக்கு எப்படி எழுத?

'இடம் விடுங்க' என்றார்.
'ஊர்ல கேட்டுப் பாக்கேன்.'
அதாவது, என்பதற்குப் பின்
ஒன்றரை அங்குலம் விட்டேன்.
அச்செடுத்த தாளைச் சட்டைக்குள் சொருகி
மழையில் ஓடினார்.

நாலாம் நாள் திரும்பி வந்தது மனு,
இருநூற்றுப் பதினொரு கையெழுத்தோடு.
விட்ட இடத்தில் யாரும் எதுவும் எழுதியிருக்கவில்லை.
கையெழுத்துக்கான இடம் என்று நினைத்து
யாரோ பெருவிரல் பதித்திருந்தார்கள்.
ஊதா மை. காயுமுன் கரையில் வைத்திருக்க வேண்டும்,
ரேகையோடு ஒட்டிக்கொண்டு மணல்.

இது யாருக்க விரல் என்றேன்.
கிளீட்டஸ் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.
'தெரியல்ல. எங்க ஆளுதான்.'

அப்படியே நகல் எடுத்தேன், பன்னிரண்டு.
பைசா கொடுத்துப் போனார்.

கண்ணாடியைத் துடைக்க மறந்துவிட்டேன்.
அன்று மாலைவரை வந்த
ரேஷன் கார்டு, பிறப்புச் சான்று,
ஒரு பெண்ணின் பிளஸ் டூ மார்க் லிஸ்ட்
எல்லாவற்றிலும்
மூன்று புள்ளி.